மைபிரிட்ஜ் ஜூவுக்கு என்ன எடுத்துப் போனார்?



போன வருஷம் நம்ம யூனியன் சார்பில் மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நோட்டீஸ் போர்டுக்கும் மலருக்கும் போட்டோ எடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர் ஒருத்தரிடம் ஒரு கேமரா, சீனியரிடம் இன்னொரு கேமரா, மூணு லென்ஸ், ஒரு பிளாஷ், ஒரு ஸ்டாண்டு என்று கடன் வாங்கி, கல்யாணத்துக்குப் போகிற வீடியோக்காரர் மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

நடந்தது என்ன? ஸ்டாண்டை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். புலிக்கூண்டுக்கு முன்னால் நின்று பெரிய லென்ஸைக் கழற்றி மாட்டுவதற்குள் புலி புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது. குரங்குக் கூண்டில் கம்பி வலை பளிச்சென்று விழுந்திருக்கிறது, குரங்கு புகை மாதிரி தெரிகிறது. 400 படத்துக்கு மேல் எடுத்தேன். மலர்க்குழு தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் நாம் எல்லோரும் ஐஸ் வாங்கித் தின்கிற குரூப் போட்டோ!

தோள்பட்டை வலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. மிருகங்களைப் படம் எடுக்கப் போகிறவன் உண்மையில் என்ன எடுத்துப் போக வேண்டும்? நம்ம லைப்ரரியில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, 1885-ல் இதே கேள்வியோடு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மிருகக்காட்சி சாலைக்குப் போன ஒரு தாடிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் எட்வர்ட் மைபிரிட்ஜ். பாய்ந்து ஓடும் குதிரையை 12 கட்டங்களில் காட்டும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதை எடுத்த மனுஷன்தான். அவருடைய கதையை நம்ம பாஷையில் சொல்கிறேன், கேளுங்கள்.

பெயரை மாற்றிக்கொண்டே போனவர்

1830 ஏப்ரல் 9-ந் தேதி, இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மக்கரிட்ஜ். அப்பா தானியமும் நிலக்கரியும் விற்கும் வியாபாரி. பையனுக்கு 13 வயது ஆகும்போது அப்பா காலமானார். குடும்ப பாரம் அம்மா தலையில். 20 வயது வாக்கில் பையன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான். நியூயார்க்கில் கொஞ்ச காலம், அப்புறம் சான்பிரான்சிஸ்கோ. அங்கே அவர் செய்த தொழில் புத்தக வியாபாரம். கேமராவுக்கும் அவருக்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

பெயரை மட்டும் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொண்டே போனார். மக்கரிட்ஜ் மைக்ரிட்ஜ் ஆகி, கடைசியில் மைபிரிட்ஜ் ஆனது. எட்வர்ட் என்ற பெயரையும், சொந்த ஊரில் பழைய சாக்சன் அரசர்களின் பெயர் பொறித்த முடிசூட்டுக் கல்லில் இருப்பது போன்ற பழைய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிக்கொண்டார். 

1860-ல் ஊருக்குப் போய் வரலாம் என்று கிளம்பியவர், கிழக்கு நோக்கிப் போகும் குதிரை வண்டியில் ஏறினார். டெக்சாஸ் பக்கம் குதிரைகள் மிரண்டு ஓட, வண்டி நொறுங்கியது. மைபிரிட்ஜ் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. பல மாதம் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்ததாம். வாசனையும் ருசியும் தெரியாமல் போயிற்று. இங்கிலாந்துக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார். அந்த வருஷங்களில்தான் புத்தகக்காரர் போட்டோக்காரர் ஆனார். 1867-ல் சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியபோது கையில் கேமரா இருந்தது. தொழிலுக்கு ஹீலியோஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஹீலியோஸ் என்றால் கிரேக்கர்களின் சூரியக் கடவுள். வெயிலை நம்பிப் பிழைப்பவருக்குப் பொருத்தமான பெயர்தானே!

மலைக்குப் போன மூட்டை

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்து போட்டோ எப்படி எடுத்தார்கள் என்று பார்ப்போம். பிலிம் ரோலும் கிடையாது, மெமரி கார்டும் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் செருகிப் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் டெவலப் செய்ய வேண்டும். எல்லாம் சில நிமிஷ வேலை. ஆகவே போட்டோக்காரர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போக வேண்டும். கூடாரம், ரசாயன பாட்டில்கள், தொட்டி, தண்ணீர், கண்ணாடித் தகடுகள் எல்லாம் சேர்த்து.

மைபிரிட்ஜ் இந்தச் சாமான்களைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். 1872-ல் இரண்டாம் தடவை போனபோது ஒன்றரை அடிக்கும் மேல் நீளமுள்ள ராட்சதக் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுபோனார். பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வசதி சரியாக இல்லாத காலம். பெரிய படம் வேண்டும் என்றால் பெரிய தகடுதான் வேண்டும். மலை நகராது, அருவி ஓடிப்போகாது. நிதானமாக நாலு மணி நேரம் ஏற்பாடு செய்து ஒரு படம் எடுக்கலாம். ஆகவே அந்த மூட்டை அந்த வேலைக்குச் சரி.

ஆனால் நகராத மலைக்குச் சரியான மூட்டை, நகரும் மிருகத்துக்குச் சரிப்படுமா? அங்கேதான் கதை திரும்புகிறது.

12 கேமரா, 12 நூல்

லேலண்ட் ஸ்டான்போர்டு என்பவர் கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வே முதலாளி, பந்தயக் குதிரைப் பிரியர். குதிரை ஓடும்போது ஏதாவது ஒரு கணத்தில் நாலு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றனவா என்பது அவர் மனதை அரித்த கேள்வி. இதற்காக அவர் 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை இன்றும் உலாவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் கேள்வி நிஜம். 1872-ல் அவர் மைபிரிட்ஜைக் கூப்பிட்டார். தன்னுடைய ஆக்சிடென்ட் என்ற குதிரையைப் படம் எடுக்கச் சொன்னார். ஒரே கேமராவை வைத்து மைபிரிட்ஜ் முயன்றார். ஏதோ நிழல் போல ஓர் உருவம் விழுந்தது. ஊரை நம்பவைக்க அது போதவில்லை.

வேலை பாதியில் நிற்கக் காரணம், மறைக்காமல் சொல்கிறேன், ஒரு கொலை. மைபிரிட்ஜின் மனைவி புளோரா, வயதில் அவரைவிட மிகச் சிறியவர். அவருக்கும் ஹாரி லார்கின்ஸ் என்பவருக்கும் தொடர்பு என்று தெரிந்ததும், 1874 அக்டோபர் 17 இரவு மைபிரிட்ஜ் கலிஸ்டோகா பக்கம் தேடிப் போய் அந்த ஆளைச் சுட்டுக் கொன்றார். 1875 பிப்ரவரியில் நேப்பா என்ற ஊரில் விசாரணை. பழைய வண்டி விபத்தில் தலையில் அடிபட்டதால் புத்தி பிசகியவர் என்று வக்கீல்கள் வாதாடினார்கள். ஜூரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அப்படிப்பட்ட கணவன் கொன்றது நியாயமே என்று விடுதலை செய்துவிட்டார்கள்! அந்தக் கால நியாயம் அது. அதே வருஷம் ஜூலையில் புளோரா நோயில் இறந்தார். குழந்தை அநாதை இல்லத்துக்குப் போனது. அப்பாவோ மத்திய அமெரிக்காவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திறமைசாலி என்பதற்காக இதையெல்லாம் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நீங்களும் மன்னிக்க வேண்டாம். அவருடைய மூளையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு.

திரும்பி வந்தவர் 1878-ல் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஸ்டான்போர்டின் குதிரைப் பண்ணையில் மறுபடி வேலையை ஆரம்பித்தார். ஒரு கேமரா போதாது என்பது தெளிவாகிவிட்டது. ஒரு கொட்டகை கட்டி, 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். லண்டனில் டால்மேயர் கம்பெனி செய்த நல்ல லென்ஸ்கள். எதிரே வெள்ளைப் பின்னணி. ஓடுபாதையின் குறுக்கே 12 நூல்கள். குதிரை ஓடி வந்து ஒவ்வொரு நூலாக இழுக்க இழுக்க, மின்சாரம் பாய்ந்து, மின்காந்தம் ஷட்டரை விடுவிக்கும். ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து அவர்கள் கண் முன்னாலேயே எடுத்துக் காட்டினார். சேலி கார்ட்னர் என்ற குதிரையின் படங்கள் நொடியில் சுமார் 25-ல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்டவை.

விடை கிடைத்தது. நாலு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. ஆனால் ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வரைந்த மாதிரி முன்னும் பின்னும் கால்களை நீட்டியபோது அல்ல. நாலும் வயிற்றுக்கு அடியில் மடங்கி ஒன்றுசேரும்போது! 

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு ஒரு சேதி. அந்த மின்காந்த ஷட்டர் அமைப்பில் கைகொடுத்தவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே என்ஜினியர். படத்தைப் பார்த்த கோடிப் பேரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இதே கதி மைபிரிட்ஜுக்கும் வந்தது. 1882-ல் ஸ்டான்போர்டு தன் ஆதரவில் ஸ்டில்மேன் என்ற டாக்டரை வைத்து, ஓடும் குதிரையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அட்டையைப் புரட்டினால் மைபிரிட்ஜின் பெயர் கிடையாது. அப்போது அவர் லண்டனில் பெரிய மனிதர்கள் முன்னால் சொற்பொழிவு ஆற்றிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். புத்தகம் வந்ததும், இவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆள்தானோ என்ற சந்தேகம் கிளம்பி, ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. ஸ்டான்போர்டு மேல் வழக்குப் போட்டார், தோற்றார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. பணமில்லை, பெயருக்கும் சேதம். அந்த நிலையில்தான் புதிதாக ஒரு வாய்ப்பைத் தேடிப் பிடித்தார்.

கொட்டகை கூண்டுக்கு வராது

1884-ல் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. கால்நடை மருத்துவப் பிரிவின் முற்றத்தில் நீளமான ஒரு கொட்டகை எழுந்தது. உள்ளே கறுப்புப் பின்னணி. அதன் மேல் வெள்ளை நூலில் 5 சென்டிமீட்டர் கட்டங்கள். நம்ம கிராஃப் ஷீட் மாதிரி. எதிரே 24 கேமராக்கள் வரிசையாக. குதிரை, நாய், மனிதர்கள் எல்லோரும் அந்தப் பாதையில் நடந்தார்கள், ஓடினார்கள், தாண்டினார்கள்.

அடுத்த வருஷம் அவர் கண் ஜூ பக்கம் போனது. பிலடெல்பியா ஜூ 1874-ல் திறக்கப்பட்டது, அமெரிக்காவின் முதல் ஜூ என்று பெயர் பெற்றது. சிங்கம், புலி, யானை, ஒட்டகம், பபூன் குரங்கு, கங்காரு, தீக்கோழி எல்லாம் அங்கே இருந்தன. குதிரையைக் கொட்டகைக்கு ஓட்டி வரலாம். புலியை ஓட்டி வர முடியுமா? ஆக, கொட்டகைதான் புலியிடம் போக வேண்டும். ஆனால் 24 கேமராவும் சுவரும் சேர்ந்த கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என்ன செய்வது?

நண்பர்களே, என் மரமண்டைக்கு வெளிச்சம் வந்த இடம் இதுதான். மைபிரிட்ஜ் இருக்கிற சாமானில் எதைத் தூக்கலாம் என்று யோசிக்கவில்லை. எனக்கு என்ன தெரிய வேண்டும், அதற்கு எது இல்லாமல் முடியாது என்று யோசித்தார். தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த மிருகம் காலை எப்படி எடுத்து வைக்கிறது? அதற்கு அடுத்தடுத்து 12 படம் வேண்டும், அவற்றுக்கு இடையே எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு வேண்டும். வேறு எதுவும் அவசியமில்லை.

அதற்கு ஏற்ற மாதிரி அவரிடம் இருந்தவை தூக்கிச் செல்லக்கூடிய பெட்டிக் கேமராக்கள். ஒரே பெட்டியில் 12 சின்ன லென்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில். அவற்றோடு 13-வதாக ஒன்று. அந்த 13-வது லென்ஸ் படம் எடுக்காது! மிருகம் சட்டத்துக்குள் இருக்கிறதா, ஃபோகஸ் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும். கொட்டகையில் பாதை எங்கே என்று தெரியும், பார்க்கத் தேவையில்லை. கூண்டில் மிருகம் எங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பார்ப்பதற்கென்றே ஒரு கண். 24-ஐ 12 ஆகக் குறைத்தவர், பார்வைக்கு ஒன்றைக் கூட்டினார். இதுதான் தேர்ந்தெடுப்பது என்பது.

இரண்டாவது, நூல். குதிரை நேர்ப் பாதையில் ஓடி நூலை அறுக்கும். சிங்கம் அறுக்குமா? அதற்குப் பதில் ஒரு சுழலும் கருவி. வட்டமாக அமைத்த உலோகத் துண்டுகளை ஒரு பிரஷ் சுற்றிச் சுற்றித் தொட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு ஷட்டருக்கு வயர். பிரஷ் தொட்டதும் அந்த ஷட்டர் திறந்து மூடும். ஆட்டோமொபைல் நண்பர்களே, பழைய பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே, அதே தத்துவம்! வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பாயும் மிருகத்துக்கு வேகமாக, தலைகீழாகத் தொங்கி அசைந்து போகும் ஸ்லாத்துக்கு மெதுவாக. நேரத்தை அளக்க, நொடிக்கு 100 தடவை அதிரும் இசைக்கவை ஒன்று கோடு கிழித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, தகடு. ஈரத் தகட்டை விட்டுவிட்டு, கடையில் வாங்கும் உலர்ந்த ஜெலட்டின் தகட்டுக்கு மாறியிருந்தார். ஆகவே கழுதை வேண்டாம், கூடாரம் வேண்டாம், இருட்டறை வீட்டிலேயே இருக்கலாம். இந்தத் தகட்டுக்கு வேகமும் அதிகம். குதிரையின் வெறும் நிழல் தெரிந்த காலம் போய், தோலும் தசையும் தெரிந்தன. யோசெமிட்டிக்கு எது இல்லாமல் முடியாதோ, அது ஜூவுக்குத் தேவையே இல்லை.

நான்காவது, வெயில். அதைத் தூக்க வேண்டியதில்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். அவரிடம் பிளாஷ் கிடையாது. நல்ல வெயில் அடிக்கும் நாட்களில்தான் வேலை.

என் மூட்டையை நினைத்துப் பார்த்தேன். இரண்டு கேமரா ஏன்? தெரியாது. பிளாஷ் ஏன்? கொடுத்தார்கள், எடுத்தேன். கூண்டுக் கம்பியில் பட்டுத் திரும்பி அது படத்தைக் கெடுத்தது, மிருகத்தையும் மிரட்டியது. எனக்குக் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாதவன் மூட்டை என்றைக்கும் கனம்தான்.

என்ன கிடைத்தது?

1887-ல் எல்லாம் சேர்ந்து வெளிவந்தது. 781 பெரிய பலகைகள், ஏறக்குறைய 20,000 படங்கள். பெரும்பாலும் மனிதர்கள். மிச்சம் குதிரைகள், மற்ற மிருகங்கள், பறவைகள். விரும்பியதில் 100 பலகை பொறுக்கிக்கொண்டால் 100 டாலர் விலை. ஓவியர்கள், மருத்துவர்கள், கல்லூரிகள் வாங்கினார்கள்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். மேஜை மேல் இரண்டு கையின் இரண்டிரண்டு விரல்களை வைத்து நாலு கால் மிருகம் மாதிரி நடந்து பாருங்கள். சிங்கம் மெதுவாக நடக்கும்போது முதலில் வலது பின்கால், அடுத்து அதே பக்கத்து வலது முன்கால், அப்புறம் இடது பின்கால், இடது முன்கால். யானையும் இப்படித்தான், குதிரையும் இப்படித்தான். எவ்வளவோ வித்தியாசமான மிருகங்கள், நடை வரிசை ஒன்று! ஆனால் பபூன் குரங்கு? வலது பின்காலுக்கு அடுத்து இடது முன்காலை வைக்கிறது. குறுக்காக! கூண்டுக்கு வெளியே லட்சம் பேர் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். குரங்கு இப்படித் தனி வழியில் நடக்கிறது என்பதை எடுத்துக் காட்டியது அந்தப் பெட்டிக் கேமரா. குரங்கினங்களின் இந்த நடை விலங்கியலில் இன்றும் பேசப்படும் விஷயம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பலகைகளை நுணுக்கமாகப் பார்த்தபோது, பலவற்றில் ஏதாவது ஒரு படம் விட்டுப்போயிருப்பதும், வேறு படத்தை வைத்து இடத்தை நிரப்பியிருப்பதும் தெரியவந்தது. அழகாக அடுக்க வேண்டும் என்ற ஆசை. லேபில் ரீடிங் வராவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து ஒரு ரீடிங் போட்டு வைக்கிறோமே, அந்த வியாதி மைபிரிட்ஜையும் விடவில்லை! கருவி பொய் சொல்லாது. அடுக்குகிற கை சொல்லும்.

கடைசி நாட்கள்

தன் படங்களைச் சுற்றும் கண்ணாடி வட்டில் வரைவித்து, திரையில் ஓடவைக்கும் ஜூப்பிராக்சிஸ்கோப் என்ற கருவியை அவர் 1879-லேயே செய்துவிட்டார். சினிமாவின் தாத்தாக்களில் ஒன்று. 1888-ல் தாமஸ் எடிசனைச் சந்தித்துப் பேசினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் தனி அரங்கு போட்டுக் காட்டினார், காசு சேரவில்லை. அதற்குள் பிலிம் சுருள் வந்துவிட்டது. அவருடைய கண்ணாடித் தகடுகளின் காலம் முடிந்தது.

1894-ல் பிறந்த ஊரான கிங்ஸ்டனுக்கே திரும்பினார். 1899-ல் மிருகங்களின் அசைவு பற்றியும், 1901-ல் மனித உடலின் அசைவு பற்றியும் சுருக்கமான புத்தகங்கள் போட்டார். 1904 மே 8-ந் தேதி, 74-வது வயதில், உறவினர் வீட்டில் காலமானார். தன் கருவிகளையும் படங்களையும் ஊர் மியூசியத்துக்கு எழுதி வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தவருக்குக் கல்லறைக் கல்லிலும் ஒரு மாற்றம் நடந்தது. மேபிரிட்ஜ் என்று தப்பாக வெட்டிவிட்டார்கள்!

மறுபடியும் ஜூ

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஜூவுக்குப் போனேன். மூட்டை கிடையாது. ஒரு கேமரா, அதில் மாட்டியபடியே ஒரு லென்ஸ், பாக்கெட்டில் ஒரு உபரி பேட்டரி, ஒரு சின்ன நோட்டு. நோட்டில் ஒரே ஒரு கேள்வி: மான் எந்தக் காலை அடுத்து எந்தக் காலை வைக்கிறது?

கேள்வி இருந்ததால் மற்றதெல்லாம் தானாக முடிவானது. கால் அசைவு தெரிய வேண்டும் என்றால் மான் எனக்குக் குறுக்காக நடக்க வேண்டும், நேரே வரக்கூடாது. ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தேன். அசைவு மங்கக்கூடாது என்றால் ஷட்டர் நொடியில் 1000-ல் ஒரு பங்கு, ஆகவே நல்ல வெயில் வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும் வரை காத்திருந்தேன். வேலிக் கம்பி தெரியக்கூடாது என்றால், அனுமதித்த தூரம் வரை வேலியை ஒட்டி நின்று, லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கம்பி அப்போது கரைந்துபோகும். அடுத்தடுத்து எடுக்கும் வசதி கேமராவிலேயே இருக்கிறது. நம்ம போன்களில்கூட இருக்கிறது. அதற்காக மைபிரிட்ஜ் 12 லென்ஸைப் பொருத்தினார். நமக்கு ஒரு பொத்தான் போதும். 

ஒன்றரை மணி நேரம் நின்றேன். மான் நாலு தடவை தண்ணீர் குடிக்க வந்தது. நாலாவது தடவை 12 படம் ஒழுங்காக விழுந்தது. வேறு எதையும் எடுக்கவில்லை. புலி கர்ஜித்தது, காது கொடுக்கவில்லை!

அந்த 12 படத்தையும் சார்ட் பேப்பரில் வரிசையாக ஒட்டி, கீழே அசைவு வரிசையை எழுதி, யூனியன் நோட்டீஸ் போர்டில் மாட்டினேன். மறுநாள் மத்தியானம் கேன்டீனுக்குப் போனால், மெக்கானிக்கல் இரண்டாம் வருஷப் பையன்கள் நாலு பேர் டீ ஆறிப்போவது தெரியாமல் மேஜை மேல் விரல்களை வைத்து மான் மாதிரி நடத்திக்கொண்டிருந்தார்கள். வலது பின், வலது முன், இடது பின், இடது முன்... ஒருத்தன் மட்டும் குரங்கு மாதிரி குறுக்காக வைத்தான். மற்ற மூணு பேரும் சேர்ந்து அவன் விரலைப் பிடித்துத் திருத்தினார்கள்.

நண்பர்களே, நாம் டிப்ளமோக்காரர்கள். வாழ்க்கை முழுக்கக் கருவிகளோடுதான் நமக்குப் பிழைப்பு. சைட்டுக்குப் போனாலும், ஷாப் ஃப்ளோருக்குப் போனாலும், சர்வீஸுக்குப் போனாலும் பையில் எதைப் போடுவது என்ற கேள்வி வரும். பையைத் திறப்பதற்கு முன்னால் நோட்டைத் திறந்து, என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த சுற்றுலாவில் சந்திப்போம். இந்தத் தடவை போட்டோ பொறுப்பு வேறு யாருக்காவது போகட்டும். ஸ்டாண்டு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சீனியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்!

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு